பராமரிப்பவர்களுக்காக யார் பேசுவது?

தீரா நோயாளியையோ மாற்றுத்திறனாளியையோ நினைவு தப்பிய முதியவரையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தார் ஏதோ ஒரு கட்டத்தில் மனு எழுதப் பழகிவிடுகிறார்கள். அடையாள அட்டைக்கு ஒரு மனு, உதவித்தொகைக்கு ஒரு மனு, பள்ளிச் சேர்க்கைக்கு ஒன்று, பணியிட மாற்றத்தை நிறுத்திவைக்க ஒன்று. திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் பிள்ளையைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டு நிற்கும் தாய், தன் பிள்ளைக்கு வேண்டியதைக் கேட்கிறார். கிடைத்தால் வீடு திரும்புகிறார். அவருக்குப் பின்னால் நிற்பவருக்கும் தேவை அதேதான்; அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்படி நின்றவர்களில் சிலர் தங்கள் வேலை முடிந்த பிறகும் வீடு திரும்பாமல், எல்லாருக்கும் பொருந்தும் விதியைக் கேட்டதால்தான் சில நாடுகளில் சட்டங்கள் மாறின. பராமரிப்பாளர் இயக்கம் என்று இன்று சொல்லப்படுவதன் தொடக்கம் அதுதான்.

தனி மனு பொது விதியாக மாறிய கதைகளில் மிகத் தெளிவானது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்தது. 1978இல் பிறந்த கேட்டி பெக்கெட் என்ற குழந்தைக்குச் சில மாதங்களிலேயே வைரஸால் மூளை அழற்சி ஏற்பட்டது. கைகால்கள் செயலிழந்தன; மூச்சுவிட வென்டிலேட்டர் தேவைப்பட்டது. மூன்று வயதுக்குள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு அவள் தேறிவிட்டாள். ஆனால் மருத்துவமனையை விட்டுப் போக முடியவில்லை. வருமானம் குறைந்தோருக்கான அரசின் மருத்துவ உதவித் திட்டமான மெடிகெய்ட், குழந்தை மருத்துவமனையிலேயே தங்கினால் பெற்றோரின் வருமானத்தைப் பார்க்காமல் செலவை ஏற்றது. வீட்டுக்குப் போனால் பெற்றோரின் வருமானத்தைச் சேர்த்துக் கணக்கிட்டு உதவியை நிறுத்தியது. இத்தனைக்கும் வீட்டில் ஆகும் செலவு மருத்துவமனைச் செலவில் ஒரு சிறு பங்குதான்.

பள்ளி ஆசிரியையான தாய் ஜூலி பெக்கெட் இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு அதிகாரிகளையும் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரையும் அணுகினார். செய்தி மேலே போய், 1981 நவம்பரில் அதிபர் ரொனால்ட் ரீகன் செய்தியாளர் கூட்டத்தில் அரசு விதிகளின் அபத்தத்துக்கு இதையே சான்றாகக் காட்டினார். கேட்டிக்கு மட்டும் விதி தளர்த்தப்பட்டது. அந்த டிசம்பரிலேயே அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஜூலி அத்தோடு நின்றிருந்தால் யாரும் குறைசொல்லியிருக்க முடியாது. அதிபரின் வாயில் தன் கதை வரும் அதிர்ஷ்டம் ஒரு குழந்தைக்கு வாய்த்தது. அதே நிலையில் மருத்துவமனைகளில் கிடந்த மற்ற குழந்தைகளுக்கு வாய்க்கவில்லை. அடுத்த ஆண்டு, 1982இல் வந்த வரிச் சட்டத்தின் ஒரு பிரிவு, கடும் குறைபாடுள்ள குழந்தைகளை வீட்டில் வைத்துப் பராமரிக்கும்போது பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் எடுக்காமல் உதவ மாநிலங்களுக்கு வழிவிட்டது. இன்றும் அது 'கேட்டி பெக்கெட் விலக்கு' என்றே வழங்குகிறது. லட்சக்கணக்கான குழந்தைகள் அதனால் வீட்டில் வளர்ந்திருக்கிறார்கள். மாநிலங்கள் விரும்பினால் செய்யலாம் என்ற அளவில் அது நின்றுவிட்டதால், பிறந்த மாநிலத்தைப் பொறுத்து உதவி மாறும் குறை தொடர்கிறது. வேறு சில பெற்றோருடன் சேர்ந்து ஜூலி 1992இல் 'ஃபேமிலி வாய்சஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். கேட்டியும் வளர்ந்து மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பேசும் பெண்ணாக வாழ்ந்து, 2012இல் 34 வயதில் மறைந்தார்.

இந்தியாவிலும் ஒருவருக்குக் கிடைத்த விலக்கு எல்லாருக்குமான விதியாக மாறியதற்குச் சான்று உண்டு. கௌஷே நோய் என்ற அரிய மரபணுக் கோளாறுடைய ஒரு சிறுவனின் தந்தை, டெல்லியில் ரிக்‌ஷா ஓட்டிப் பிழைத்தவர். மாதந்தோறும் லட்சக்கணக்கில் செலவாகும் நொதி மருந்துக்கு அவர் எங்கே போவார்? டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2014 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, சிறுவனுக்கு இலவசமாகச் சிகிச்சை அளிக்கச் சொன்னதோடு, அரிய நோய்கள் விஷயத்தில் அரசு கைகட்டி நிற்க முடியாது என்பதையும் நிலைநாட்டியது. 2017இல் மத்திய அரசு ஒரு கொள்கையை அறிவித்து, மறு ஆண்டே அதைக் கிடப்பில் போட்டது. நோயாளிகளின் குடும்பங்கள் விடாமல் நீதிமன்றப் படி ஏறிய பிறகு, 2021 மார்ச்சில் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது. முதலில் 20 லட்சம் ரூபாய் என்றிருந்த உதவி வரம்பு 2022இல் 50 லட்சமாக உயர்ந்தது.

முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு நோய் கண்ட குழந்தைகளுக்கு ஒரே முறை போடும் 16 கோடி ரூபாய் விலையுள்ள ஊசி மருந்துக்காக, தமிழ்நாடு உள்பட பல மாநிலங்களில் பெற்றோர் ஊர்கூட்டி நிதி திரட்டிய காலமும் இதுதான். பணம் சேர்ந்த பிறகும் இறக்குமதி வரி தனியே பல கோடி. தொடக்கத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக டெல்லிக்கு எழுதி வரிவிலக்கு வாங்க வேண்டியிருந்தது. 2023 ஏப்ரல் 1 முதல், தேசியக் கொள்கையில் உள்ள எல்லா அரிய நோய்களுக்காகவும் தனிநபர் பயன்பாட்டுக்கு இறக்குமதியாகும் மருந்துகளுக்குச் சுங்க வரி முழுவதும் நீக்கப்பட்டது. தனித்தனிக் கடிதங்களுக்கு இனி வேலையில்லை. மருந்தின் விலை மட்டும் அப்படியே நிற்கிறது. 50 லட்சத்துக்கும் 16 கோடிக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடக்க இன்னும் உண்டியல்தான் வழி.

இந்தியப் பெற்றோர் இயக்கத்தின் பழைய கிளை நோய்க்காகத் தோன்றியதன்று, பள்ளிக்காகத் தோன்றியது. பெருமூளை வாதம் உள்ள மகளின் தாயான மிது ஆலூர் 1972இல் மும்பையில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார். அவரது மகள் மாலினி சிப் பின்னாளில் எழுத்தாளராகவும் உரிமைச் செயற்பாட்டாளராகவும் அறியப்பட்டார். சென்னையில் 1985இல், இதே குறைபாடுள்ள மகனின் தாயான பூனம் நடராஜன் தொடங்கிய அமைப்புதான் இன்று வித்யாசாகர் என்ற பெயரில் கோட்டூர்புரத்தில் இயங்குகிறது. ஆட்டிசம் என்ற சொல்லை மருத்துவர்களே பெரிதும் அறியாத காலத்தில், டெல்லியில் மேரி பரூவா என்ற தாய் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைக் கட்டினார். மூவருக்கும் தொடக்கம் ஒன்றுதான்: பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளி இல்லை, ஆகவே பள்ளியைத் தாங்களே தொடங்கினார்கள். மறதி நோயில் தந்தையைப் பறிகொடுத்த கேரள மருத்துவர் ஜேக்கப் ராய், 1992இல் அல்சைமர் நோயாளிகளுக்கான அமைப்பைத் தொடங்கியதும் ஏறக்குறைய இதே வழியில்தான்.

பள்ளி கிடைத்த பிறகு அடுத்த கவலை வந்தது. சிறப்புப் பள்ளி வராந்தாவிலும் பிசியோதெரபி அறை வாசலிலும் காத்திருக்கும் பெற்றோர் எத்தனை விஷயம் பேசினாலும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி, "எங்க காலத்துக்கப்புறம் இவன யாரு பாத்துக்குவா?" என்பதே. சட்டத்தின் கண்ணில் 18 வயதானவர் தனி ஆள். அதற்குப் பிறகு பெற்றோருக்குக் காப்பாளர் என்ற தகுதி தானாகத் தொடராது. வங்கிக் கணக்கு, சொத்து, ஓய்வூதியம் எதிலும் கையெழுத்துச் சிக்கல். 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் சிறார்களைப் பற்றியது. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மனநோயாளிகளைப் பற்றியது. அறிவுசார் குறைபாட்டோடு வளர்ந்து ஆளானவர் இரண்டுக்கும் நடுவே விழுந்தார். 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. ஆட்டிசம் அதில் இல்லை.

பெற்றோர் சங்கங்கள் மாநிலந்தோறும் உருவாகி, 'பரிவார்' என்ற தேசியக் கூட்டமைப்பாக இணைந்து, அமைச்சகத்தின் படிகளில் ஏறி இறங்கியதன் பலன் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை அச்சட்டத்தின் பெயரிலேயே இடம்பெற்றன. மத்திய அரசு 100 கோடி ரூபாய் மூலநிதி வழங்கியது. மாவட்ட ஆட்சியர், பதிவுபெற்ற தொண்டு அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் கொண்ட உள்ளூர்க் குழு, 18 வயது கடந்தவர்களுக்குச் சட்டப்படியான காப்பாளரை நியமிக்கலாம். உரிமையியல் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியதில்லை. பெற்றோர் சங்கங்களுக்கு அறக்கட்டளையின் வாரியத்திலேயே இடம் கிடைத்தது. 2005 முதல் அதன் தலைமைப் பொறுப்பில் பூனம் நடராஜன் இருந்தார் என்பது, மனு கொடுத்தவர்கள் மனு வாங்கும் மேசைக்குப் போய்ச் சேர்ந்ததைக் காட்டும். பின்னர் வந்த 'நிராமயா' காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. வயதும் முன்பே இருக்கும் குறைபாடும் அதற்குத் தடையில்லை என்பது அப்போது தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் செய்யாத ஒன்று.

இந்த வெற்றிக்கு மறுபக்கமும் உண்டு. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. ஒவ்வொரு மாற்றுத்திறனாளிக்கும் சட்டத்தின் முன் சமமான தகுதி உண்டு என்கிறது அது. அதன் வெளிச்சத்தில் பார்த்தால், காப்பாளர் நியமனம் என்பதே ஒருவரின் குரலை இன்னொருவரிடம் கொடுக்கும் ஏற்பாடு. 'எங்களைப் பற்றிப் பெற்றோர் ஏன் பேச வேண்டும்?' என்று மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் கேட்டன. இந்தக் கேள்வியை நன்றிகெட்டதனம் என்று தள்ளிய பெற்றோர் உண்டு. நியாயம் மாற்றுத்திறனாளிகள் பக்கம்தான் கூடுதல். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் முழுக் காப்பாளர் முறைக்குப் பதிலாக, குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, சம்பந்தப்பட்டவரைக் கலந்தே செயல்படும் வரம்புக்குட்பட்ட காப்பாளர் முறையைக் கொண்டுவந்தது. தேசிய அறக்கட்டளைச் சட்டமோ பழையபடியே தொடர்கிறது. இரண்டு சட்டங்களுக்கும் நடுவே குடும்பங்கள் நிற்கின்றன.

பெற்றோர் எல்லாவற்றையும் பிள்ளையின் பெயரால் கேட்டதிலிருந்துதான் இந்த மோதல் பிறக்கிறது. பிள்ளையின் உரிமை வேறு, அவரைப் பார்த்துக்கொள்பவரின் உரிமை வேறு என்று பிரித்துக் கேட்டிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று இடிக்கத் தேவையிருந்திருக்காது. அப்படிப் பிரித்துக் கேட்ட நாடு பிரிட்டன்.

மேரி வெப்ஸ்டர் என்ற கிறித்தவச் சபை ஊழியர் 1954இல், 31 வயதில், முதிய பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டார். திருமணமாகாத மகள் வீட்டில் இருந்தால் அந்தப் பொறுப்பு அவள் தலையில் விழும் என்பது அங்கேயும் எழுதாத சட்டம். வருமானம் போயிற்று, ஓய்வூதியத்துக்கான சந்தா நின்றது, பெற்றோர் காலமானபின் வீடும் நிலைக்குமா என்பது நிச்சயமில்லை. 1963இல் அவர் நாளிதழ்களுக்கு இந்த நிலையைப் பற்றிக் கடிதம் எழுதினார். அதே நிலையில் இருந்த பெண்களிடமிருந்து நூற்றுக்கணக்கில் பதில்கள் வந்து குவிந்தன. தன் வீட்டுப் பிரச்சினை என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தது நாட்டுப் பிரச்சினை என்று அந்தக் கடிதக் கட்டு சொல்லிவிட்டது. 1965இல் சங்கம் அமைந்தது. 1967இல் சிறு வரிச்சலுகை கிடைத்தது. வேலையை விட்டுப் பராமரிப்பில் இருப்பவருக்கே அரசு நேரடியாக வழங்கும் படித்தொகை 1976இல் வந்தது. வெப்ஸ்டர் அதைப் பார்க்கவில்லை, 1969இலேயே இறந்துவிட்டார்.

அந்தப் படித்தொகையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. திருமணமான பெண்களுக்கும் ஆணோடு சேர்ந்து வாழும் பெண்களுக்கும் அது கிடையாது. அவர்கள் எப்படியும் வீட்டில் இருப்பவர்கள்தானே, இழந்த சம்பளம் என்று எதைச் சொல்வது என்பது அரசின் வாதம். கடுமையாக நோயுற்ற தாயைக் கவனிக்க 1984இல் வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் என்ற மணமான பெண் இதை எதிர்த்தார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 1986 ஜூன் 24இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. தோல்வி தெரிந்த அரசு முதல் நாளே மணமான பெண்களுக்கும் படித்தொகை உண்டு என்று நாடாளுமன்றத்தில் அறிவித்துவிட்டது.

இதற்கிடையே, மாற்றுத்திறனாளியான கணவரைக் கவனித்துவந்த ஜூடித் ஆலிவர் 1981இல் எல்லா வகைப் பராமரிப்பாளருக்குமான சங்கத்தைத் தொடங்கியிருந்தார். மகள், மனைவி, கணவர், அண்டை வீட்டார் என்ற வேறுபாடு அதில் இல்லை. பழைய சங்கமும் புதிய சங்கமும் 1988இல் ஒன்றாயின. இன்று அதன் பெயர் கேரர்ஸ் யூகே. 1985ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பு பிரிட்டனில் சுமார் 60 லட்சம் பேர் இப்படிப் பராமரிப்பில் இருப்பதைக் காட்டியபோது அரசியல்வாதிகளின் காது திறந்தது. 60 லட்சம் பேர் என்றால் 60 லட்சம் வாக்கு. பராமரிப்பாளரின் தேவையைத் தனியே மதிப்பிட வேண்டும் என்ற சட்டம் 1995இல், மால்கம் விக்ஸ் என்ற உறுப்பினரின் தனிநபர் மசோதாவாக நிறைவேறியது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பராமரிப்புப் பற்றிய கேள்வி முதன்முறையாக இடம்பெற்றது. குறைபாடுள்ள மகனின் தாய் என்பதற்காக வேலையில் இழிவாக நடத்தப்பட்டதாக லண்டன் பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், அப்படி நடத்துவதும் பாகுபாடே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008இல் சொன்னது. 2024 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு ஒரு வாரம் பராமரிப்பு விடுப்பு சட்ட உரிமை. சம்பளம் மட்டும் இல்லை.

பிரிட்டன் சொர்க்கமல்ல. வாரம் 35 மணி நேரம் பராமரித்தால்தான் படித்தொகை. 2024இல் அது வாரத்துக்கு 82 பவுண்டைக்கூடத் தொடவில்லை. வெளியே வேலைபார்த்துச் சம்பாதிக்கும் தொகை அன்றைய வரம்பான 151 பவுண்டை ஒரு பவுண்டு தாண்டினாலும் படித்தொகை முழுவதும் போகும். தெரியாமல் தாண்டியவர்களிடம் ஆயிரக்கணக்கில் பணத்தைத் திருப்பிக் கேட்ட விவகாரம் 2024இல் வெடித்து, வரம்பை உயர்த்த வேண்டியதாயிற்று. ஆனால் அந்தச் சண்டையைப் போட அங்கே ஒரு சங்கம் இருந்தது.

இந்தியாவில் பராமரிப்பாளர் சட்டத்துக்குள் வந்ததே 2016இல்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊதியம் பெற்றோ பெறாமலோ பராமரிப்பவர் எவரும், பெற்றோர் உள்பட, பராமரிப்பாளரே என்று வரையறுக்கிறது. உயர் ஆதரவு தேவைப்படுவோருக்கான பராமரிப்பாளர் படித்தொகை 24ஆம் பிரிவில் குறிப்பிடப்பட்டுள்ளது. அதை எவ்வளவு, எப்போது வழங்குவது என்பது மாநிலங்களின் கையில். கேரளம் 'ஆஸ்வாசகிரணம்' திட்டத்தில் மாதம் 600 ரூபாய் வைத்திருக்கிறது. ஒரு நாள் கூலிகூட வராத தொகை. தமிழ்நாட்டில் கடும் பாதிப்புள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. அது மாற்றுத்திறனாளிக்கு உரியது. அவருக்காக வேலையை விட்ட தாயின் இழப்பை ஈடுகட்ட வகுக்கப்பட்டதல்ல.

அரசு ஊழியர்களின் நிலை கொஞ்சம் பரவாயில்லை. குறைபாடுள்ள பிள்ளையைப் பராமரிக்கும் மத்திய அரசு ஊழியருக்குச் சுழற்சிப் பணியிட மாற்றத்திலிருந்து விலக்களிக்கும் ஆணை 2014இல் வந்தது. இமாச்சலப் பிரதேசத்தில் அரசுக் கல்லூரி ஆசிரியை ஒருவர், அரிய எலும்பு நோயுள்ள மகனுக்காக எடுத்த விடுப்பெல்லாம் தீர்ந்துபோய் உச்ச நீதிமன்றம் போனார். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் தாய்மாருக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு அரசு மனம்வைத்துத் தரும் சலுகையல்ல, அரசியலமைப்பின் கடமை என்று 2024 ஏப்ரலில் அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் அமர்வு கூறியது. ஆனால் தையல் யூனிட்டிலும் நூறுநாள் வேலையிலும் இருக்கும் தாய்க்காக இந்த ஆணைகள் எதுவும் பேசவில்லை. அவருக்கு விடுப்பு என்றால் அன்றைய கூலி இல்லை.

அவர்கள் ஏன் தங்களுக்காகக் கேட்கவில்லை என்பதற்கு முதல் காரணம் நேரம். மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். வீட்டாரைப் பராமரிப்பதில் பெண்கள் 134, ஆண்கள் 76. ஆர்ப்பாட்டத்துக்கு வர வேண்டுமானால் அன்றைக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லை என்பதுதானே கோரிக்கையே. சங்கத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் உதவியாள் வைத்துக்கொள்ள முடிந்தவர்கள், ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்தவர்கள். கிராமத்துக் குடும்பங்களின் அனுபவம் டெல்லி வரை போவதில்லை.

இரண்டாவது காரணம் கூச்சம். "பெத்த புள்ளயப் பாக்கக் கூலியா கேப்பாங்க?" என்ற கேள்வி ஊரில் எவருக்கும் இயல்பாக வரும், தாயின் மனத்திலும் அதுவே இருக்கும். பராமரிப்பு பாசத்தால் நடக்கிறது என்பது உண்மை. அதனால் யாரோ ஒருவரின் சம்பளமும் ஓய்வூதியமும் முதுகெலும்பும் போகிறது என்பதும் உண்மை. இரண்டாவதைச் சொன்னால் முதலாவது பொய்யாகிவிடும் என்ற அச்சம் பல குடும்பங்களை வாயடைக்கவைக்கிறது.

மனநோயாளிகளின் குடும்பங்களிடம் இந்த மௌனம் இன்னும் கனமானது. 2001 ஆகஸ்ட் 6இல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் வெந்து மாண்டனர். காப்பகங்கள் மூடப்பட்டன, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்தது. எல்லாம் சரியானவையே. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களோ, கைவிட்டவர்கள் என்ற பழியோடு ஒதுங்கிவிட்டன. அந்தக் குடும்பங்கள் அதற்கு முன் எத்தனை ஆண்டு தனியாகச் சமாளித்தன, பக்கத்தில் மருத்துவரும் மாத்திரையும் ஓரிரு வாரம் இளைப்பாற ஓர் இடமும் இருந்திருந்தால் ஏர்வாடிக்கு வந்திருக்குமா என்ற விசாரணை, தீயைப் பற்றிய விசாரணை அளவுக்கு நடக்கவில்லை.

பராமரிப்பாளர்கள் கேட்க வேண்டியவை பெரிய ரகசியம் ஒன்றுமில்லை: 24ஆம் பிரிவின் படித்தொகையைக் குறைந்தபட்சக் கூலியோடு இணைப்பது, அமைப்புசாரா தொழிலாளர்களுக்கும் விடுப்புக்கு ஈட்டுத்தொகை, வட்டத்துக்கு ஒரு தற்காலிகப் பராமரிப்பு இல்லம், பராமரிப்பில் கழிந்த ஆண்டுகளுக்கும் ஓய்வூதியக் கணக்கு. இவற்றுக்கெல்லாம் முன்னதாக எண்ணிக்கை வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருப்பதாகக் கணக்கிட்டது. அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இல்லை.